கிணற்றடி ஈரத்துக்கு நாணலா, வெட்டிவேரா?

கேள்வி: ஆரையம்பதியில் வாவிப் பக்கமாக எங்கள் வளவு. கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் ஓடித் தேங்கும் மூலையில் வருடம் முழுக்க ஈரம்தான், மாரியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். கத்தரியும் மிளகாயும் வைத்துப் பார்த்தேன், வேர் அழுகிச் செத்துவிட்டன. ஆற்றங்கரையில் வெள்ளைப் பூவோடு நிற்கிற நாணலைக் கொண்டுவந்து அழகுக்கு வைக்கலாமா? பாம்பு வரும் என்று மாமி பயப்படுத்துகிறா.

பதில்: தங்கச்சி, அந்த மூலையை மண் கொட்டி நிரப்பாமல் புல் வைக்க யோசித்தீர்களே, அது நல்ல யோசனை. ஆனால் நாணல் வேண்டாம். ஆற்றங்கரையில் அது கரையைப் பிடித்து வைத்திருக்கிறது, சரி, அங்கே நிற்கட்டும். வளவுக்குள் வந்தால் மண்ணுக்கடியில் தண்டு ஓடி, இன்றைக்குக் கிணற்றடி, அப்புறம் வாழையடி, அதற்கப்புறம் வேலி தாண்டிப் பக்கத்து வளவு என்று போய்க்கொண்டே இருக்கும், வெட்டினாலும் துண்டிலிருந்து முளைக்கும், பூ காய்ந்தால் விதை காற்றோடு பறக்கும். சம்புக்கும் இதே கதைதான்.

நான் சொல்வது வெட்டிவேர். இதுவும் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இயற்கையாகவே உள்ள புல்தான். நட்ட இடத்திலேயே தூர் கட்டி நிற்கும், ஓடாது. தோட்டங்களில் வளர்க்கிற வகை முளைக்கிற விதை தருவதும் இல்லை. நாலைந்து அடி உயரத்தில் இலைகள் வளைந்து விழுந்து நிற்பது பார்க்க நன்றாகவே இருக்கும். பூ மட்டும் நீங்கள் ஆசைப்பட்ட வெள்ளைப் பஞ்சு இல்லை, ஊதா கலந்த மண்ணிறக் கொத்து, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் இடத்துக்கு இது பொருந்துவதற்கு இன்னொரு காரணம் உப்பு. வாவிக்கரை மணலில் கோடையில் உவர் ஏறும். மண்ணின் உப்பை மீட்டருக்கு இத்தனை டெசிசீமென்ஸ் என்று அளப்பார்கள், அந்த அளவு 3 ஆனாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கிவிடும், வேர் பிடித்த வெட்டிவேர் 8 வரைக்கும் பெரிதாகப் பொருட்படுத்தாது. சவர்க்காரத் தண்ணீரில் கரைந்து வருகிற சத்துகளையும் வேர் எடுத்துக்கொள்ளும், அதற்காகக் கிணற்றுத் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்குவதால் கிணற்றுக் கட்டு வெடிக்கும் என்ற பயமும் தேவையில்லை.

நடுகிற காலத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். மழை தொடங்கினதும் நடச் சொல்வது மேட்டு நிலத்துக்குச் சரி. உங்கள் மூலையில் ஐப்பசியில் நட்டால், வேர் பிடிக்க முன்னமே கார்த்திகை, மார்கழி வெள்ளம் வந்து கன்று அழுகும். வளர்ந்த தூர் தண்ணீருக்குள் வாரக்கணக்கில் நிற்கும், இளங்கன்று நிற்காது. ஆகவே ஆடியிலோ ஆவணித் தொடக்கத்திலோ நடுங்கள், வறண்ட கச்சான் காற்று அடிக்கிற நேரம்தான், ஆனால் உங்களுக்குக் கிணற்றடித் தண்ணீர் இருக்கிறதே! அந்தக் காலம் தவறினால் மாசியில் வெள்ளம் வற்றின பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தூரைப் பிரித்து இரண்டு மூன்று தண்டு சேர்ந்த பக்கக்கன்றாக எடுங்கள். இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, வேரை இரண்டு அங்குலத்துக்குக் கத்தரித்து, கரைத்த மாட்டுச் சாணத்தில் தோய்த்து நடுங்கள். மணல் மண்தானே, குழிக்கு இரண்டு கை உக்கின மாட்டெரு போதும். அழகுக்கு என்றால் இரண்டரை, மூன்று அடிக்கு ஒன்று. தண்ணீர் வழிந்து வாவிப் பக்கம் மண்ணை அரிக்கிறது என்றால் அந்த ஓரத்தில் மட்டும் அரை அடிக்குள் நெருக்கி ஒரு வரிசை வையுங்கள். முதல் இரண்டு மாதம் கோரையைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அமுக்கிவிடும். வெயில் கட்டாயம், மாமர நிழல் அந்த மூலையில் விழுகிறது என்றால் வைக்காதீர்கள், மெலிந்துபோகும். அப்படியான இடமென்றால் இதை விட்டுவிட்டுச் சேம்போ வல்லாரையோ போடலாம்.

மாமி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பாம்பு புல்லைத் தேடி வருவதில்லை, காய்ந்த இலை குவிந்த அடியில் எலியும் தவளையும் சேரும், அதைத் தேடித்தான் வரும். வருடத்தில் இரண்டு தடவை முழங்காலளவுக்கு வெட்டி, அடியைச் சுத்தமாக வைத்திருங்கள். ஒரு வெட்டு கோடைக்கு முன்னம் இருக்கட்டும், காய்ந்த இலை அடுப்படிக்குப் பக்கத்தில் நிற்பது நல்லதில்லை. வெட்டின இலையைத் தென்னை அடிக்குப் போடுங்கள்.

வாசனைக்காக வேரைத் தோண்ட ஆசை வரும், மணலில் இலேசாகவும் வரும். ஒன்றரை வருடமாவது பொறுத்து, ஓரத்தில் ஒரு தூரை மட்டும் எடுங்கள், அரிப்பைத் தடுக்க வைத்த வரிசையில் கை வைக்க வேண்டாம். அந்தத் தூரின் தண்டுகளையே பிரித்துத் திரும்ப நட்டுக்கொள்ளலாம்.

கன்றுக்குக் கடைகடையாக விதை கேட்டு அலையாதீர்கள். வைத்திருப்பவரிடம் நல்ல தூர் ஒன்று கேட்டால் உங்கள் மூலைக்குப் போதும், அம்பாறைப் பக்கம் சிங்களவர் நடத்தும் நாற்று மேடைகளில் சவந்தரா என்று கேளுங்கள். நட்ட பிறகு படலையைச் சாத்தி வையுங்கள், முற்றின இலையைக் கட்டாக்காலி மாடு அவ்வளவாக விரும்பாது, குருத்தை விடாது.