ஒற்றை சிலிண்டரில் 53 மீட்டர் போகலாமா?

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். புதுச்சேரியிலும் அந்தமானிலுமாக அறுபது டைவ் முடித்திருக்கிறேன். அட்வான்ஸ்டு ஓபன் வாட்டர், நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) இரண்டு சான்றிதழும் உண்டு. மட்டக்களப்புக் கடலில் கிடக்கும், இரண்டாம் உலகப்போரில் மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை. சாதாரணக் காற்றிலேயே ஒரே சிலிண்டரோடு இறங்கி, பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஏறிவிடலாம் என்கிறார் நண்பர். டெக்னிக்கல் டைவிங் (பொழுதுபோக்கு டைவிங்கின் வரம்பைத் தாண்டிப் போவது) படித்தே ஆக வேண்டுமா? படிப்பதென்றால் எங்கே தொடங்குவது?

பதில்: நண்பர் சொல்வதுபோல இறங்கி ஏறியவர்கள் இருக்கிறார்கள். நல்லபடியாகத் திரும்பியவர்களின் கதைதானே நம் காதுக்கு வரும்? அதனால் கதையை விட்டுவிட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கப்பல் கிடக்கும் தரை சுமார் 53 மீட்டர் ஆழம். அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப் போல 6.3 மடங்கு. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 126 லிட்டர் இழுப்பார். நீங்கள் வழக்கமாக மாட்டும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருந்தால் மொத்தம் 2,200 லிட்டர். இப்போது அடியில் இருக்கும்போது உங்கள் கூட்டாளிக்குக் காற்று நின்றுவிட்டது என்று வையுங்கள். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர், இருவருக்கும் சேர்த்து 60. நிலைமையைச் சமாளிக்க அங்கேயே 2 நிமிடம் ஆனால் 750 லிட்டர் போய்விடும். நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆழம் வரை ஏற இன்னும் 1,170. ஆக, 1,900 லிட்டருக்கு மேல் கைவைக்காமல் ஒதுக்கி வைக்க வேண்டும். இறங்கும்போதே 200 லிட்டர் தீர்ந்திருக்கும். மிச்சம் நூறு லிட்டர்கூட இல்லை. அடியில் ஒரு நிமிடத்துக்கே காணாது. டீகோ நிறுத்தங்களை, அதாவது உடம்பில் கரைந்த வாயு வெளியேற ஏறும் வழியில் நின்று நின்று வருவதை, இன்னும் சேர்க்கவே இல்லை. அந்த ஆழத்தில் பத்து நிமிடம் இருந்தால் அதுவும் கட்டாயம் வரும்.

அடுத்தது மூளை. 30 மீட்டர் தாண்டினாலே நைட்ரஜன் மயக்கம் தலைகாட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பலர் கவனிக்காத இன்னொன்று வாயுவின் அடர்த்தி. 53 மீட்டரில் காற்றின் அடர்த்தி லிட்டருக்கு 8 கிராம் அளவுக்குப் போகிறது. 5.2 கிராமுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், 6.2ஐத் தாண்டவே வேண்டாம் என்பதுதான் இன்று பரவலாக ஏற்கப்பட்ட பரிந்துரை. கெட்டியான வாயுவை நுரையீரல் தள்ளித் தள்ளிக் களைக்கும். கரியமில வாயு உடம்பிலேயே தேங்கும், மூச்சு வாங்கும், பீதி வரும், மயக்கமும் கூடும். ஹீலியம் கலப்பது இதற்காகத்தான். 18 சதவீதம் ஆக்சிஜன், 45 சதவீதம் ஹீலியம் கலந்த டிரைமிக்ஸில் அதே 53 மீட்டரில் அடர்த்தி 5 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். மயக்கமும் காற்றில் 25 மீட்டர் போனது போலத்தான் இருக்கும்.

சரி, படிக்கலாம் என்று முடிவெடுத்தால் எங்கே தொடங்குவது? ஆழத்தில் தொடங்காதீர்கள். இதுவரை நீங்கள் செய்த டைவிங்கில் எந்தச் சிக்கலுக்கும் கடைசி வழியாக மேலே போய்விடலாம். டீகோ கடன் ஏறிய பிறகு, அதாவது அந்த நிறுத்தங்கள் கட்டாயமான பிறகு, அந்த வழி அடைபட்டுவிடும். எது நடந்தாலும் இருக்கிற இடத்திலேயே மிதந்தபடி சரிசெய்ய வேண்டும். அதனால் முதல் தேர்வை நீங்களே வைத்துக்கொள்ளலாம். 5 மீட்டர் ஆழத்தில் பத்து நிமிடம், உடம்பு கிடைமட்டமாக, துடுப்பை அசைக்காமல், அரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்காமல் நில்லுங்கள். நடுவில் மாஸ்கைக் கழற்றி மாட்டுங்கள். யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு முகம் தொங்கிவிடும். டைவிங் சான்றிதழ் தரும் அமைப்புகளில் டி.டி.ஐ.யின் (TDI) டீகோ பயிற்சியில் சேர 25 டைவ் போதும், பாடியின் (PADI) டெக் 40 பயிற்சிக்கு 30 டைவ். அறுபது டைவ் வைத்திருக்கும் உங்களுக்குக் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் அந்த வீடியோ திருப்தியாக வரும்வரை பணம் கட்ட வேண்டாம் என்பேன்.

அப்புறம் ட்வின்செட். முதுகில் இரட்டை சிலிண்டர், இரண்டையும் இணைக்கும் குழாய், மேலே மூன்று வால்வு. வலப்பக்கம் வாயு பீறிட்டால் வலக்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் அந்த வால்வைக் கடிகாரத் திசையில் மூட வேண்டும். மூடியதும் வாயில் இருக்கும் ரெகுலேட்டர் (மூச்சிழுக்கும் கருவி) செத்துவிடும். தாடைக்குக் கீழே ரப்பர் வளையத்தில் தொங்கும் இன்னொன்றை எடுத்துக் கடிக்க வேண்டும். வழக்கமான அமைப்பில் விங்குக்கு (முதுகில் இருக்கும் மிதப்புப் பை) காற்று தரும் குழாயும் வலப்பக்கம்தான், அதனால் அதுவும் போய்விடும். வாயால் ஊதியே மிதப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனையும் ஆழம் மாறாமல். தோள்பட்டை இறுகியவர்களுக்கு முதல் சில நாள் வால்வு கைக்கே எட்டாது. கரையில் தோளுக்குப் பயிற்சி கொடுங்கள், பட்டையின் நீளத்தையும் மாற்றிப் பாருங்கள்.

வாயு மாற்றுவதை இதைவிடக் கவனமாகப் பழக வேண்டும். பாதி ஆக்சிஜன் உள்ள கலவையை 21 மீட்டரிலும், சுத்த ஆக்சிஜனை 6 மீட்டரிலும் எடுப்பது வழக்கம். 21 மீட்டரில் தப்பித்தவறிச் சுத்த ஆக்சிஜனைக் கடித்துவிட்டால் அதன் அழுத்தம் 3.1 பார், வரம்பு 1.6. எந்த அறிகுறியும் இல்லாமல் வலிப்பு வரலாம், தண்ணீருக்குள் வலிப்பு என்றால் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவும். அதனால் சிலிண்டரில் பெரிதாக எழுதிய ஆழத்தைப் படித்து, கூட்டாளிக்குக் காட்டி, வால்விலிருந்து வாய்வரை குழாயைக் கையால் தடவிப் பார்த்து, அவர் தலையாட்டிய பிறகே மூச்சிழுக்க வேண்டும். ஆயிரமாவது டைவிலும் இப்படித்தான்.

பயிற்சிகளின் வரிசையில் பெரிய மர்மம் இல்லை. முதலில் ரெஸ்க்யூ, டீப். பிறகு ட்வின்செட்டுக்கான அடிப்படைப் பயிற்சி. அடுத்து அட்வான்ஸ்டு நைட்ராக்ஸும் டீகோ ப்ரொசீஜர்ஸும் சேர்ந்த பயிற்சி. அது 45 மீட்டர் வரை. டிரைமிக்ஸ் அதற்கும் பிறகு. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு சீசனாவது சும்மா டைவ் செய்யுங்கள்.

மட்டக்களப்புக் கடலே இதற்கு வசதியாக அமைந்திருக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தது ஹெர்மிஸை மட்டும் இல்லை. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 25 மீட்டரில் கிடக்கிறது, ஆதெல்ஸ்டேன் சுமார் 40 மீட்டரில். முதலாவதை இப்போதே நீங்கள் பார்க்கலாம். இரண்டாவது, டீகோ பயிற்சி முடித்தவருக்கு ஏற்ற இடம். ஹெர்மிஸில் 307 பேர் இறந்தார்கள். உள்ளே நுழையாதீர்கள், எதையும் எடுக்காதீர்கள்.

இன்ஸ்ட்ரக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்வி போதும். பாடம் எடுக்காத நாட்களில் இந்த ஆழங்களுக்கு நீங்களாகவே போகிறீர்களா? கடைசியாக எப்போது ஒருவரைத் தேறவில்லை என்று திருப்பி அனுப்பினீர்கள்? நான்கு நாளில் கார்டு நிச்சயம் என்பவரிடம் போகவே வேண்டாம். சாதனங்களை முன்கூட்டியே வாங்கிக் குவிக்காதீர்கள். ட்வின்செட்டை வாடகைக்கு எடுத்துப் பழகிவிட்டு, பேக்பிளேட் (சிலிண்டரைத் தாங்கும் முதுகுத் தகடு), விங், திருகி மாட்டும் டின் (DIN) இணைப்புள்ள ரெகுலேட்டர்கள் என்று படிப்படியாக வாங்கலாம். இப்போது வைத்திருக்கும் மிதப்பு ஜாக்கெட் இதற்கு ஆகாது.

விடும் மூச்சைச் சுத்தப்படுத்தி மறுபடி தரும் ரீபிரீதர் வாங்கினால் ஹீலியம் செலவு குறையும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். குறையும்தான், ஆனால் அது தனி உலகம், இப்போதைக்கு வேண்டாம்.

கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. டிக்கெட் போடுவதற்கு முன்பே டைவ் நிலையத்துக்கு எழுதிக் கேளுங்கள்: ஹீலியம் கையிருப்பு உண்டா, ட்வின்செட் கிடைக்குமா, படகில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கும், யாருக்காவது டீகோ நோய் (உடம்பில் வாயுக் குமிழி உண்டாவது) வந்தால் எந்த அழுத்த அறைக்கு, எந்த வழியில் கொண்டுபோவார்கள். டைவிங்குக்கான காப்பீட்டில் டீகோ டைவும் அடங்குமா என்று பாருங்கள். திரும்பும் விமானத்துக்கும் கடைசி டைவுக்கும் நடுவே குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள். ஹீலியம் பற்றி மட்டும் மழுப்பலாகப் பதில் வந்தால் மறுபடி கேளுங்கள். சிலிண்டர் வந்து சேராமல், "இந்த ஒரு தடவை காற்றிலேயே போய்விடலாம்" என்ற பேச்சு பெரும்பாலும் படகில் ஏறிய பிறகுதான் எழும்.