மொட்டைமாடி ராஸ்பெரி காய்க்குமா?

கேள்வி: அக்கா, நாங்க வெள்ளவத்தையில இருக்கிறம். கனடாவில மச்சாள் வீட்டு ராஸ்பெரிய வீடியோ கோல்ல பாத்து ஆசைப்பட்டு ஒரு கன்று வாங்கி மொட்டைமாடியில சாடியில வச்சன், ரெண்டு வருஷமாச்சு, தடி தடியா வளருது, ஒரு பூவும் இல்ல. கோபத்தில போன மாசம் எல்லாத்தையும் அடியோட வெட்டிட்டன். பிழையோ?

பதில்: வெட்டினது பிழைதான் தங்கச்சி, ஆனா பூக்காததுக்கு அது காரணமில்ல. வேர் கனகாலம் இருக்கும், ஆனா ஒரு தடிக்கு ஆயுசு ரெண்டு வருஷம்தான். கோடையில காய்க்கிற வகையில முதல் வருஷம் பச்சைத் தடி, வெறும் இலை, மற்ற வருஷம் அதே தடி பழுப்பாகி பட்டை உரிஞ்சு நிக்கும், அதிலதான் பழம், காய்ச்சு முடிஞ்ச தடிய மட்டும் மண்ணோட ஒட்ட வெட்டோணும். பச்சையையும் சேத்து வெட்டினா அடுத்த பழமும் போச்சு. ஹெரிட்டேஜ் மாதிரி வகை முதல் வருஷத் தடி நுனியிலயே காய்க்கும், அதை மச்சாள் பனிக்கால முடிவில மொத்தமா வெட்டினாலும் பரவாயில்ல.

உங்களுக்குப் பிரச்சினை கொழும்புதான். ராஸ்பெரிக்கு 7 பாகைக்குக் கீழ நூற்றுக்கணக்கான மணித்தியாலம் குளிர் வேணும், இங்க டிசம்பர்லயே ஃபேன் இல்லாம படுக்கேலாது! ஆசை விடேல்ல எண்டா மைசூர் ராஸ்பெரி தேடிப் பாருங்க, பழம் கறுப்பு, வெக்கை தாங்கும். முள்ளு மட்டும் பொல்லாதது, உடுப்புக் காயப்போடுற கொடிக்குக் கிட்ட வைக்காதீங்க.