கோச் நல்லவரா, அணி நல்லதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் கால்பந்து கிளப்பின் கோச் 55 சதவீத ஆட்டங்களில் ஜெயித்திருக்கிறார். இதற்கு மேல் என்ன கேட்க முடியும்?

எந்த அணியை வைத்து ஜெயித்தார் என்று கேட்கலாம். எந்த லீக்கை எடுத்தாலும், பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் புள்ளிப் பட்டியல் பெரும்பாலும் அணிகள் வீரர்களுக்குக் கொடுக்கும் சம்பளப் பட்டியலின் வரிசையிலேயே இருக்கும். அதிகச் சம்பளம் கொடுக்கும் அணிக்கு 55 சதவீதம் குறைவுதான். அந்த வரிசையில் பதினைந்தாவதாக இருக்கும் அணிக்கு அது பெரிய சாதனை. எனவே இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று சீசன்கள் தொடர்ந்து சம்பள இடத்தைவிட மூன்று நான்கு படி மேலே முடித்தால் கோச்சைப் பாராட்டலாம். ஒரு சீசனை மட்டும் நம்பக்கூடாது. கோச் ரனியேரி 2015-16இல் இங்கிலாந்து லீக்கில் லெஸ்டர் சிட்டியை 81 புள்ளிகளோடு சாம்பியன் ஆக்கினார். 2017 பிப்ரவரியில் அதே கிளப் அவரை நீக்கியது. ஒன்பது மாதத்தில் ஒருவருடைய திறமை அந்த அளவுக்கு ஏறி இறங்காது.

சம்பள விவரம் வெளியே வராத லீக் என்றால் பந்தயச் சந்தையின் விகிதங்களைப் பயன்படுத்தலாம் (பணம் கட்ட அல்ல, கணக்குப் போட மட்டும்). வெற்றி 2.00 (ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் இரண்டு ரூபாய் கைக்கு வரும்), டிரா 3.50, தோல்வி 4.00 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1ஐ ஒவ்வொன்றாலும் வகுத்தால் 0.50, 0.286, 0.25 வரும். கூட்டினால் 1.036, பந்தய நிறுவனத்தின் லாபம் அதில் சேர்ந்திருப்பதால்தான் 1ஐத் தாண்டுகிறது. ஒவ்வொன்றையும் 1.036ஆல் வகுத்தால் 0.483, 0.276, 0.241. வெற்றிக்கு மூன்று, டிராவுக்கு ஒன்று என்று பெருக்கிக் கூட்டினால் அந்த ஆட்டத்தில் எதிர்பார்க்க வேண்டிய புள்ளி 1.72. சீசன் முழுக்க இப்படிக் கூட்டி, உண்மையில் எடுத்த புள்ளிகளோடு ஒப்பிடுங்கள். ஒரு எச்சரிக்கை: கோச் எவ்வளவு நல்லவர் என்பதைச் சந்தையும் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். அதனால் இந்தக் கணக்கு அவருடைய முதல் சீசனுக்கே அதிகம் பொருந்தும்.

பத்து ஆட்டத்தில் இரண்டே வெற்றி. இன்னும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

கால்பந்தில் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாகச் சுமார் மூன்று கோல்தான் விழும். கம்பத்தில் பட்டுத் திரும்பிய இரண்டு பந்துகள் போதும், பத்து ஆட்டத்தின் கதையே மாறிவிடும். கோல்களை விட்டுவிட்டு எக்ஸ்ஜியை (xG, எதிர்பார்க்கப்படும் கோல்) பாருங்கள். ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்ற மதிப்பு அது. நம் அணியின் எக்ஸ்ஜியிலிருந்து எதிரணியின் எக்ஸ்ஜியைக் கழிக்க வேண்டும்.

கழிக்கும் முன் இரண்டைச் சரிசெய்யுங்கள். பெனால்டிகளை எடுத்துவிடுங்கள், ஒரு பெனால்டியே சுமார் 0.78 சேர்த்து முழு ஆட்டத்தின் படத்தையும் திரித்துவிடும். சிவப்பு அட்டைக்குப் பிந்தைய நிமிடங்களையும் நீக்குங்கள். அப்புறம் ஸ்கோர் சமமாக இருந்த நேரத்தைத் தனியாகப் பாருங்கள். பின்தங்கிய அணி முன்னேறித் தாக்கும், முன்னிலை பெற்ற அணி பின்வாங்கும். 0-2 என்று தோற்றுக்கொண்டிருக்கும்போது குவிந்த எக்ஸ்ஜியைக் கோச்சின் சாமர்த்தியமாக எண்ணிவிடக்கூடாது.

பொறுமைக்குப் பலன் கிடைத்ததும் உண்டு. 2014-15இல் கோச் கிளாப்பின் ஜெர்மன் கிளப் டார்ட்மண்ட் பாதி சீசனில் 18 அணிகளில் 17ஆவது இடத்தில் இருந்தது; 7ஆவதாக முடித்தது. கோச் கிரஹாம் பாட்டரின் இங்கிலாந்து கிளப் பிரைட்டன் 2020-21இல் நல்ல எக்ஸ்ஜி வைத்திருந்தும் 41 புள்ளியோடு 16ஆவது இடம். அடுத்த சீசனில் 51 புள்ளி, 9ஆவது இடம். மாறாக, எக்ஸ்ஜி கணக்கு எதிர்மறையாக இருக்கும்போதே வரிசையாக ஜெயித்துக்கொண்டிருக்கும் கோச்சைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். பதினைந்து, இருபது ஆட்டமாவது கையில் இல்லாமல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

புதிய கோச் வந்ததும் நான்கு ஆட்டத்தில் மூன்று வெற்றி. எல்லாம் அவர் கைவண்ணம்தானே?

பெரும்பாலும் இல்லை. பழைய கோச்சை எப்போது நீக்குகிறார்கள்? அதிர்ஷ்டம் அடிமட்டத்தில் இருக்கும்போது. யார் வந்தாலும் அங்கிருந்து கொஞ்சம் மேலே ஏறத்தான் செய்யும். நெதர்லாந்து லீக்கில், இதே சரிவில் சிக்கியும் கோச்சை மாற்றாத அணிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவையும் ஏறக்குறைய அதே அளவுக்கு மீண்டிருந்தன. அந்த நான்கு ஆட்டங்களும் யாரோடு, சொந்த மைதானத்திலா வெளியிலா என்று பாருங்கள். ஆட்ட முறை மாறியிருக்கிறதா, அந்த மாற்றம் அடுத்த சீசனிலும் நீடிக்கிறதா என்பதே முக்கியம். ஷாபி அலோன்சோ 2022 அக்டோபரில் ஜெர்மன் கிளப் லெவர்குசனின் கோச்சாகப் பொறுப்பேற்றபோது அணி கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தது. அந்த சீசனை 6ஆவதாக முடித்தார். 2023-24இல் 28 வெற்றி, 6 டிரா, ஒரு தோல்விகூட இல்லாமல் லீக் பட்டம்.

புள்ளிவிவரம் எனக்கு ஒத்துவராது. டிவியில் ஆட்டம் பார்க்கும்போதே கோச்சை எப்படி எடைபோடுவது?

பந்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். உங்கள் அணி தாக்கும்போது பின்னால் எத்தனை பேர், எங்கே நிற்கிறார்கள்? இரண்டு ஃபுல்பேக்குகளும் (இரு ஓரங்களிலும் ஆடும் டிஃபென்டர்கள்) ஒரே நேரத்தில் மேலேறி, நடுவில் யாரும் இல்லாமல், இரண்டு டிஃபென்டர்கள் மட்டும் எதிரணியின் இரண்டு ஸ்ட்ரைக்கர்களோடு தனியாக நிற்கிறார்களா? பந்து பறிபோன அடுத்த பாஸில் கோல் விழும். வர்ணனையாளர் டிஃபென்டரைத் திட்டுவார். ஆனால் அந்த நிலை ஒவ்வொரு வாரமும் வந்தால் அது பயிற்சி மைதானத்தின் குறை.

பந்தை இழந்த முதல் ஐந்து விநாடிகள் அடுத்த சோதனை. பக்கத்திலிருக்கும் மூன்று பேரும் ஒன்றாகப் பாய்ந்தாலும் சரி, எல்லாரும் ஒன்றாகப் பின்வாங்கினாலும் சரி, அது திட்டம். ஒருவர் பாய்ந்து இருவர் வேடிக்கை பார்த்தால் திட்டம் இல்லை, அல்லது வீரர்களுக்குப் புரியவில்லை.

கோல் கிக்கையும் கவனியுங்கள். எதிரணி இரண்டு பேரை வைத்து நெருக்கும்போது கோல்கீப்பர் ஒரு வழியும், மூன்று பேரை வைத்து நெருக்கும்போது வேறு வழியும் தேடுகிறாரா? எப்போதும் அதே குறும்பாஸ், அதே இடத்தில் பறிகொடுத்தல் என்றால் கோச்சிடம் முதல் பாடம் மட்டும்தான் இருக்கிறது.

மாற்று வீரர்கள் விஷயத்தில் ரசிகர்கள் ஏமாறுவது அதிகம். மாற்று வீரர் கோல் போட்டாலே கோச்சை மேதை என்கிறோம். இப்போது ஐந்து பேரை, இடைவேளை போக மூன்று தடவையில் மாற்றலாம். மாற்றிய பத்து நிமிடத்தில் ஆட்டத்தின் கோளாறு தீர்ந்ததா என்பதே கேள்வி. இடது பக்கம் அடிவாங்கும்போது ஸ்ட்ரைக்கருக்குப் பதில் ஸ்ட்ரைக்கரை இறக்கினால், அவர் கோல் போட்டாலும் அது அதிர்ஷ்டம்தான்.

இளம் வீரர்களை வளர்த்தார் என்கிறார்கள். அதை எப்படிச் சரிபார்ப்பது?

இருபது வயதுப் பையன் யாரிடம் ஆடினாலும் கொஞ்சம் வளர்வான். 26, 27 வயதைத் தாண்டியவர்களைப் பாருங்கள்; அவர்களும் முன்னேறியிருந்தால் கோச்சுக்குப் பங்கு உண்டு. வீரர்களை வாங்குவது ஸ்போர்ட்டிங் டைரக்டர் என்றால், நல்ல ஆளைப் பிடித்த பெருமையைக் கோச் கணக்கில் எழுதாதீர்கள். மோசமான ஆளை வாங்கிய பழியும் அப்படியே.

பெரிய வீரராக இருந்தவர்தானே நல்ல கோச் ஆக முடியும்?

இத்தாலியக் கோச் அரிகோ சாக்கி தொழில்முறைக் கால்பந்து ஆடியதே இல்லை. 1989, 1990 இரண்டு ஆண்டும் மிலானுக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். காயத்தால் இளைஞர் அணியோடு ஆட்டத்தை நிறுத்திய நாகெல்ஸ்மன், 28 வயதில், 2016 பிப்ரவரியில், ஜெர்மன் கிளப் ஹோஃபன்ஹைமின் கோச்சாகப் பொறுப்பேற்றார். அப்போது 17ஆவது இடத்தில் இருந்த அணி, கீழ் லீக்குக்கு இறங்காமல் தப்பிப் பிழைத்தது. அடுத்த சீசனில் நான்காவது இடம்.