கல்லும் காரையும்

வணக்கம். இங்கிலாந்தின் ஹெரெஃபோர்டுஷையரில் கில்பெக் தேவாலயம் பார்த்தேன். கூரை விளிம்பின் கீழே நாயும் முயலும் செதுக்கியிருக்கிறார்கள். தேவாலயத்தில் இவை எதற்கு? திரும்பும் வழியில் வேறொரு சிற்றூர்த் தேவாலயத்தில் கல்லிடுக்குக் காரை நகத்தால் சுரண்டியதுமே உதிர்ந்தது. சிமென்ட் பூசினால் நூறு வருடம் நிற்குமே! அந்த ஊர்க்காரர்களுக்கு அக்கறையே இல்லையா?

அன்புள்ள நண்பருக்கு,

அவ்வளவு தூரம் போய், அண்ணாந்து நின்று அந்த நாயையும் முயலையும் பார்த்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. 1140 வாக்கில் செதுக்கியவை. எதற்கென்று செதுக்கியவன் எழுதிவைக்கவில்லை, விட்டுவிடுவோம்.

ஆனால் பழஞ்சுவரில் நகத்தை வைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

காரை உதிரத்தான் செய்யும். கல் உதிராமலிருக்க அது முந்திக்கொள்கிறது. அந்தச் சுவர்கள் மழையையும் மண்ணின் ஈரத்தையும் குடிப்பவை. குடித்த ஈரம் சுண்ணாம்புக் காரையின் நுண்துளைகள் வழியே வெளியேறும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். அப்புறம் ஈரம் கல் வழியாகத்தான் வர வேண்டும், உப்பையும் கூட்டிக்கொண்டு. கல்லின் முகத்துக்குள்ளேயே உப்பு பூக்கும். குளிர்காலத்தில் நீர் உறைந்து பருக்கும். மணற்கல் ஏடு ஏடாகக் கழன்று விழும். அப்படிப்பட்ட சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள்: கல் உள்வாங்கியிருக்கும், சிமென்ட் கோடுகள் மட்டும் தேனடையின் விளிம்புபோல் துருத்தி நிற்கும். அந்தச் சிமென்டைப் பெயர்த்தால் கல்லின் ஓரமும் சேர்ந்து பெயரும்.

செய்ய வேண்டியது வேறு. உதிர்ந்த காரையைக் கையுளியால் எடுக்க வேண்டும், இடுக்கின் அகலத்தைப்போல் இருமடங்கு ஆழத்துக்கு. கல்லறுக்கும் மின் கிரைண்டர் கூடவே கூடாது. தூசி தட்டி, நீர் தெளித்து, ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்குக்குக் களிமண் கலக்காத பருமணல் 3 பங்கு குழைத்து, அழுத்தி நிரப்ப வேண்டும். பாதி இறுகியதும் முரட்டுத் தூரிகையால் குத்த வேண்டும். கரணையால் வழவழவென்று தேய்த்தால் மேல்தோல் மூடிக்கொள்ளும், உள்ளே இறுகாது. பிறகு ஒரு வாரம் ஈரச்சாக்கு. சாக்கில்லாமல் வெயிலில் காய்ந்தால் மாவாகிப் போகும். 5 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கும் மாதங்களில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

அக்கறை இல்லையா என்கிறீர்கள். பழங்கட்டடங்களைப் புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று சுரண்டுவதை எதிர்த்து 1877-லேயே கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் சங்கம் தொடங்கிய நாடு அது. ஐந்தாண்டுக்கொருமுறை ஒவ்வொரு பங்குத் தேவாலயத்தையும் சோதித்து அறிக்கை எழுத வேண்டும் என்பது 1955-இன் திருச்சபைச் சட்டத்தில் தொடங்கிய விதி. அதற்கு நடுவே, இலையுதிர்காலத்தில் ஏணி வைத்துக் கூரைத் தூம்பில் அடைத்த இலையை அள்ளுவது அந்தச் சிற்றூர்க்காரர்கள்தான்.

மறுபடி போனால் மழைநாளில் போங்கள். தூம்பு அடைத்துச் சுவரில் நீர் வழிந்தால், எந்த இடமென்று பார்த்து, தேவாலயப் பொறுப்பாளரான சர்ச் வார்டனிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.