ஸ்டுடியோ சுவருக்குள் போகும் ஆடியோ கேபிள்: கேள்வி-பதில்

கேள்வி: வியாசர்பாடியில் முதல் மாடியில் இரண்டு ரூமை ரெக்கார்டிங் ஸ்டுடியோவாக மாற்றுகிறோம். ஒன்றில் கானா பாடகர், டோலக், தபேலா. இன்னொன்றில் மிக்ஸிங். இடையில் கேபிள் 15 மீட்டர் ஓடும். ரிச்சி தெருவில் ஒரு கடையில் 'ஸ்டார்-குவாட் (உள்ளே நான்கு ஒயர் முறுக்கிய) மைக் கேபிள் போட்டால்தான் சவுண்டு சுத்தமாக வரும்' என்கிறார்கள். இன்னொரு கடையில் பாதி விலைக்கு ரோல் தருகிறார்கள். அடுத்த வாரம் சுவர்ப் பூச்சு. எதை வாங்குவது?

பதில்: முதலில் அவசரத்தை விடுங்கள். பூச்சுக்கு முன்னால் சுவருக்குள் போக வேண்டியது பைப் மட்டும்தான். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு கேபிளை இழுத்தால் போதும். ஆகவே கேபிளைச் சோதித்துப் பார்த்து வாங்க நேரம் இருக்கிறது.

கடைக்காரர் சொல்லும் மைக் கேபிள், மேடையில் சுருட்டி விரிக்கவும் மிதிபடவும் செய்தது. மெல்லிய இழைகள், பின்னல் ஷீல்டு, மெத்தென்ற ஜாக்கெட், 6 எம்எம் பருமன். சுவருக்குள் கிடக்கும் கேபிள் அசையவே போவதில்லை. அங்கே அந்த வளைவுத்தன்மைக்குக் காசு கொடுப்பது வீண், பைப்பில் இடமும் அடைக்கும். உங்களுக்கு வேண்டியது இன்ஸ்டலேஷன் கேபிள்: 22 ஏடபிள்யூஜி (ஒயர் பருமனின் அளவு) முறுக்கிய ஜோடி, வெள்ளீயம் பூசிய செம்பு இழை, மேலே ஃபாயில் ஷீல்டு, அதோடு ஒட்டி ஓடும், ஷீல்டை இணைப்பதற்கான உறையில்லாத டிரெயின் ஒயர். பெல்டன் 8451, 9451 இந்த வகைதான், பருமன் 3.4 எம்எம். அந்த டேட்டா ஷீட்டை வைத்துக்கொண்டு மற்ற கம்பெனி கேபிளை ஒப்பிடுங்கள். எண்கள் பக்கத்தில் வந்தால் தாராளமாக வாங்கலாம். ஃபாயில் முழுவதுமாக மூடுவதால் தடுப்பும் நல்லது, முனை சீவுவதும் சுலபம். ஒரே குறை, திரும்பத் திரும்ப வளைத்தால் ஃபாயில் கிழியும். அதனால் சுவர் பிளேட்டிலிருந்து மைக் ஸ்டாண்டுக்குப் போகும் கேபிள் மட்டும் பின்னல் ஷீல்டு மைக் கேபிளாக இருக்கட்டும்.

ஸ்டார்-குவாட் பொய்யல்ல. யூபிஎஸ், மீட்டர் போர்டு, லிஃப்ட் மோட்டார் பக்கத்தில் வேறு வழியே இல்லாமல் போக வேண்டியிருந்தால், காந்தப்புலத்தால் வரும் ஹம்மை அது நன்றாகக் குறைக்கும். கரண்ட் ஒயரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடுகிற, குறுக்கே போகும் இடத்தில் மட்டும் 90 டிகிரியில் கடக்கிற பைப்புக்கு அது தேவையில்லை. 'நீளக் கேபிள் ஹை ஃபிரிக்வென்சியை விழுங்கிவிடும்' என்ற பயமும் வேண்டாம். மீட்டருக்கு 200 பிகோஃபாரட் என்று தாராளமாக வைத்தாலும் 15 மீட்டருக்கு 3 நானோஃபாரட். 200 ஓம் மைக்கோடு கணக்குப் போட்டால் 260 கிலோஹெர்ட்ஸுக்கு மேல்தான் சரிவு தொடங்கும். காது கேட்பது 20 வரைதான். சுத்தமான சவுண்டு என்று கூடுதல் விலை கேட்டால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கிட்டார் மட்டும் விதிவிலக்கு: பேட்டரி இல்லாத பிக்கப்பின் இம்பீடன்ஸ் மிக அதிகம், அதற்கு நீளக் கேபிள் மங்கலைத் தரும். பாடும் ரூமிலேயே டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மைக் லைனுக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வைத்து, அங்கிருந்து எக்ஸ்எல்ஆரில் (மூன்று பின் மைக் கனெக்டர்) அனுப்புங்கள்.

பாதி விலை ரோலில் சந்தேகம் வேண்டியது செம்பின் மேல்தான். செம்பு முலாம் பூசிய அலுமினியம் சந்தையில் நிறைய ஓடுகிறது. ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு வெளியே வெள்ளையாகவும் உள்ளே சிவப்பாகவும் இருக்கும். மோசடி ஒயர் நேர் எதிர்: வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை. அடுத்து மல்டிமீட்டர். ரோலின் ஒரு முனையில் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி, மறுமுனையில் ஓம் பாருங்கள். புரோப் இரண்டையும் தொட்டால் வரும் ஓம்ஸைக் கழித்துவிடுங்கள். 22 ஏடபிள்யூஜி செம்பு 100 மீட்டருக்குப் போய்வர 10, 11 ஓம்ஸ் வரும். அலுமினியம் கலந்தது 16ஐத் தாண்டும். நீளம் குறைந்தாலும் ஓம்ஸ் குறையும் என்பதால், ஜாக்கெட்டில் அச்சிட்ட மீட்டர் எண்ணை இரு முனையிலும் படித்துக் கழித்துப் பாருங்கள். 100 மீட்டர் என்று சொல்லி 90 மீட்டர் காயில் வருவதும் உண்டு.

அளவு: 12 லைன் போதும் என்று தோன்றினால் 16 இழுங்கள். ஒரு லைனுக்கு 15 மீட்டரோடு இரு முனையிலும் ஒன்றரை மீட்டர் சேர்த்து 18 மீட்டர். 16 லைனுக்கு 288 என்றாலும், ஒரு 100 மீட்டர் ரோலில் ஐந்து லைன்தான் வெட்டலாம், ஆக நான்கு ரோல். 25 எம்எம் பைப்பின் உள்ளளவில் 40 சதவீதம்தான் நிரப்பலாம், 3.4 எம்எம் கேபிள் 16 போட்டாலே அந்த எல்லை தொட்டுவிடும். இழுக்கும்போது ஃபாயில் நொறுங்காமல் இருக்க இரண்டு பைப்பில் எட்டெட்டாகப் போடுங்கள், ஹெட்போன் லைன்களை மூன்றாவதில். அதிலேயே இரண்டு ஷீல்டு கேட்-6ஏ கேபிளையும் போட்டு வையுங்கள், நாளை டான்டே (நெட்வொர்க் கேபிளில் ஆடியோ அனுப்பும் முறை) வைத்தால் உதவும். எல்போ வேண்டாம், நீண்ட பெண்டு வையுங்கள். கேபிள் பருமனைப் போல் பத்து மடங்கு ஆரத்துக்குக் குறையாமல் வளையட்டும். மூன்றாவது பெண்டு வருவதற்கு முன்பே ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வரட்டும். பைப்பில் ஒரு நைலான் கயிற்றை விட்டு வையுங்கள், எலி கடித்தால் மாற்ற அதுதான் வழி. பைப் வழியாக டோலக் சத்தம் அடுத்த ரூமுக்குப் போகும், எனவே இரு முனையையும் ராக்வூல் திணித்து சீலன்ட் வைத்து அடையுங்கள்.

ஒவ்வொரு லைனிலும் இரு முனையிலும் ஒரே எண் லேபிள், மேலே சூட்டில் சுருங்கும் தெளிவான பிளாஸ்டிக் ஸ்லீவ் (ஹீட் ஷ்ரிங்க்). இதைச் செய்யாமல் 16 லைனை இழுத்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கேள்வி: காசிமேடு பக்கம் எங்கள் ஸ்டுடியோ. வருடம் திரும்புவதற்குள் ஜாக் எல்லாம் கறுத்துப் போகிறது. கேபிள் மாற்றினால் சரியாகுமா?

பதில்: கடல் காற்றின் உப்பும் ஈரமும் கெடுக்கும், வெள்ளியைக் கறுப்பாக்குவது காற்றில் உள்ள கந்தகம். கேபிளைவிட முனைகள்தான் பாதிக்கும். தங்க முலாம் கான்டாக்ட் உள்ள எக்ஸ்எல்ஆர் வாங்குங்கள், வெள்ளி முலாம்தான் கறுக்கும். வெறும் செம்பு பச்சை பிடிக்கும், வெள்ளீயம் பூசியது தாங்கும். சால்டருக்கு ரோசின் கோர் ஈயக் கம்பி மட்டும். ஆசிட் பேஸ்ட் மாதங்களில் இணைப்பைத் தின்றுவிடும். மொட்டை மாடியிலிருந்து வரும் பைப் ஏசி ரூமுக்குள் திறந்திருந்தால், ஈரக் காற்று உள்ளே குளிர்ந்து நீராகும். அந்த முனையை அடைத்துவிடுங்கள்.

கேள்வி: பெரம்பூரில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ. ஒயரிங் முடிந்த பிறகு ஹம் வருகிறது. த்ரீ-பின் பிளக்கில் எர்த்தைக் கழற்றிவிடச் சொல்கிறார் எலக்ட்ரீஷியன்.

பதில்: கழற்றவே கூடாது. எர்த் இல்லாத கருவியில் கோளாறு வந்தால் மைக்கைப் பிடிப்பவர் உடம்பில் கரண்ட் பாயும். முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஹம் போனால் காரணம் எர்த் லூப் (எர்த்துக்கு இரண்டு வழி உண்டாகி, அதில் சிறு கரண்ட் சுற்றுவது). எல்லா ஆடியோ கருவிக்கும் ஒரே போர்டிலிருந்து, ஒரே ஃபேஸில் கரண்ட் கொடுங்கள். மைக் அல்லாத, கருவிக்குக் கருவி போகும் லைன் லெவல் கேபிளில் மட்டும் ஷீல்டை அனுப்பும் முனையில் இணைத்து, வாங்கும் முனையில் கழற்றலாம். மைக் லைனில் ஷீல்டு இரு முனையிலும் வேண்டும், கண்டென்சர் மைக்குக்கு மிக்ஸர் தரும் 48 வோல்ட் பேன்டம் கரண்ட் அதன் வழியாகத்தான் திரும்புகிறது. பின் 1 ஷீல்டு, பின் 2 பிளஸ், பின் 3 மைனஸ் என்பது எல்லா முனையிலும் ஒத்திருக்கட்டும். டிரெயின் ஒயருக்கு ஸ்லீவ் போடாமல் விட்டால் அது கனெக்டர் ஷெல்லைத் தொட்டு அடுத்த லூப்பை உண்டாக்கும். ரயிலின் 25,000 வோல்ட் லைனால் வரும் ஹம்மைப் பேலன்ஸ்டு ஒயரிங் (பிளஸ், மைனஸ் இரண்டிலும் சமமாக ஏறும் இரைச்சலை நீக்குவது) பெரும்பாலும் தாங்கும். சிங்கிள் காயில் கிட்டாரில் வரும் ஹம்மைக் கேபிள் சரி செய்யாது, ஆளையும் கிட்டாரையும் திருப்பி உட்கார வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பாரிஸ் கார்னர் பக்கம் வாங்கிய ரோல் சோதித்தால் அலுமினியம். 'ஸ்டுடியோவுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை, விற்ற பொருள் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார்கள்.

பதில்: வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் அல்ல என்பது சட்டத்தில் உண்டு. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக வாங்கியவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விலக்குத் தருகிறது. நீங்களே நடத்தும் சிறு ஸ்டுடியோ என்றால் அதைச் சொல்லி வாதாடலாம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எழுதாவிட்டால் 30 நாள். ஒரு மீட்டர் வெட்டி வைத்து, ஓம்ஸ் சோதனையை வீடியோ எடுத்து, கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள், பிறகு சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கெடு 2 வருடம், கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இனி வாங்கும்போது ஜிஎஸ்டி பில்லில் 'முழுச் செம்பு, 22 ஏடபிள்யூஜி, 100 மீட்டர்' என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.