வகுப்பில் கற்பிக்க உதவும் இலவச இணையக் கருவிகளை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது?

புதிதாக நியமனம் கிடைத்த ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: இணையத்தில் கருவிகள் கொட்டிக் கிடக்கின்றன என்கிறார்கள், தேடப் போனால் பாதி காசு கேட்கிறது, மீதி நம் பாடத்திட்டத்துக்குப் பொருந்தவில்லை, எங்கிருந்து தொடங்குவது?

நான் யாழ்ப்பாணத்தில், வலிகாமம் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கருவியைத் தேடப் போவதற்கு முன் அலகைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. எவ்வளவு விளங்கப்படுத்தினாலும் பிள்ளைகளுக்குப் பிடிபடாத அலகு ஒன்று எல்லாப் பாடத்திலும் இருக்கும். அதற்கு மட்டும் தேடுங்கள். 'சிறந்த நூறு கருவிகள்' என்று வருகிற பட்டியல்களைத் திறந்தால் பின்னேரம் முழுக்கப் போய்விடும், மறுநாள் பாடத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

எனக்கு அப்படி இருந்த அலகு மின்சுற்று. தொடர் இணைப்பையும் சமாந்தர இணைப்பையும் கரும்பலகையில் கீறிக் காட்டினால் பிள்ளைகள் படத்தை அப்படியே மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். ஒரு மின்குமிழைக் கழற்றினால் என்ன நடக்கும் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இதற்கு எனக்குக் கைகொடுத்தது ஃபெட் என்ற தளம். பி, எச், ஈ, டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைக் கொடுத்துத் தேடினால் வரும். பௌதிகவியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது, இப்போதும் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்துகிறது. பௌதிகவியல், இரசாயனவியல், கணிதம், உயிரியல் எல்லாவற்றுக்கும் அதில் அசையும் மாதிரிகள் உண்டு. சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது.

அதில் மின்சுற்று மாதிரியைத் திறந்தால் மின்கலம், கம்பி, மின்குமிழ், ஆளி எல்லாம் ஒரு பக்கத்தில் இருக்கும். இழுத்து வந்து பொருத்த வேண்டியதுதான். கம்பிக்குள் இலத்திரன்கள் நகர்வது கண்ணுக்குத் தெரியும். பிள்ளை ஒருவரை முன்னால் கூப்பிட்டுச் சுற்றை அமைக்கச் சொல்லுங்கள். தொடரில் ஒரு மின்குமிழை எடுத்ததும் எல்லாம் அணையும். சமாந்தரத்தில் ஒன்றை எடுத்தாலும் மற்றவை எரியும். மின்குமிழே இல்லாமல் மின்கலத்தின் இரண்டு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். அந்த நேரத்தில் வகுப்பில் எழும் சத்தத்தைக் கேட்க வேண்டும்! 'அப்ப வீட்டு வயரும் இப்பிடித்தான் எரியுமா சேர்?' என்று பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டால், குறுஞ்சுற்றும் உருகியும் அன்றைக்கே படிப்பித்து முடிந்துவிடும்.

நம் பாடசாலைகளுக்கு அதைவிடப் பெரிய வசதி, ஒவ்வொரு மாதிரியையும் தனிக் கோப்பாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது. இணைய இணைப்பு இல்லாமலே உலாவியில் திறக்கும். வீட்டில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டு போனால் போதும். பாடம் நடக்கும்போது டேட்டா முடிந்து திரை சுற்றிக்கொண்டே நின்றால் அந்தப் பாடவேளை அவ்வளவுதான். ஆகவே எந்தக் கருவியைப் பார்த்தாலும், இணையம் இல்லாமல் இது ஓடுமா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

அந்தக் கணக்கில் தேறும் இன்னொன்று ஸ்டெல்லாரியம் என்ற வானியல் மென்பொருள். மடிகணினியில் ஒருமுறை நிறுவினால் போதும், வானம் முழுவதும் உள்ளே இருக்கும். இடத்தை யாழ்ப்பாணம் என்று வைத்து, ஏப்ரல் நடுப்பகுதியில் ஒரு நாளைத் தெரிவுசெய்து, பகல் 12.10 அளவில் நிறுத்துங்கள். சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். நாம் வட அகலாங்கு 9.7 பாகையளவில் இருப்பதால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி இது நடக்கிறது. விடுமுறையில் முற்றத்தில் ஒரு தடியை நேராக நட்டு நிழலைப் பார்க்கச் சொல்லி அனுப்பலாம். திரையில் கண்டதைத் தன் வீட்டு முற்றத்திலும் காண்கிற பிள்ளைக்கு அகலாங்கு என்றால் என்னவென்று பிறகு சொல்லித்தர வேண்டியிருக்காது.

அரச தளங்களை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பாடநூல்களுக்குக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம், ஆசிரியர் வழிகாட்டிகளுக்குத் தேசிய கல்வி நிறுவகம், தரம் வாரியான பாடங்களுக்கு ஈ-தக்சலாவ. மூன்றிலும் தமிழில் கிடைக்கிறது, மூன்றும் இலவசம். தேவையானதைத் தவணை தொடங்க முன்னரே இறக்கி வைத்துவிடுங்கள்.

வரலாறு, தமிழ், குடியியல் படிப்பிப்பவர்கள் நூலகம் என்ற தளத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 1981இல் பொது நூலகம் எரிக்கப்பட்ட ஊரில் இருந்துகொண்டு அந்தத் தளத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கியது. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பழைய பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் எனப் பக்கம் பக்கமாக மின்வருடி வைத்திருக்கிறார்கள். உங்கள் பாடசாலையின் பெயரையோ ஊரின் பெயரையோ போட்டுத் தேடிப் பாருங்கள். பழைய மலர் ஒன்று அகப்பட்டால் அதில் ஒரு பக்கத்தை அச்செடுத்து வகுப்பில் கொடுங்கள். தாத்தா, அப்பாச்சி படித்த காலத்தில் பாடசாலை எப்படி இருந்தது என்று பிள்ளைகள் தாங்களே வாசித்து அறிவார்கள். பழைய இலக்கியங்களின் மூலபாடம் வேண்டுமென்றால் 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் பெரும்பாலும் இருக்கும்.

பிள்ளைகளுக்குப் பாடம் விளங்கியதா என்று உடனுக்குடன் அறிய நான் பாவிப்பது பிளிக்கர்ஸ் என்ற செயலி. பிள்ளைகள் கையில் போன் தேவையில்லை, ஆசிரியரின் போன் ஒன்றே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அச்சடித்த அட்டை ஒன்று. அதை எந்தப் பக்கம் மேலே வரப் பிடிக்கிறார்களோ அதுதான் அவர்களின் விடை. போன் கமராவை வகுப்பு முழுவதும் ஒருமுறை ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று தெரிந்துவிடும். அட்டைக் கோலங்கள் ஒன்றுக்கொன்று வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பிடிக்கவும் முடியாது. வாய் திறக்கக் கூச்சப்படுகிற பிள்ளைகளும் இதில் விடை சொல்கிறார்கள், அதற்காகவே எனக்கு இதில் ஒரு தனிப் பிரியம். இலவசக் கணக்கில் சில கட்டுப்பாடுகள் உண்டு, சிறு வினாத் தொகுதிகளுக்கு அது தாங்கும்.

தேடும்போது கவனிக்க வேண்டியவை சில. ஆங்கிலக் கலைச்சொல்லைக் கொடுத்துத் தேடினால் அதிகம் கிடைக்கும். தமிழ்நாட்டுக் காணொளிகள் தரமானவைதான், ஆனால் சில கலைச்சொற்கள் நம் பாடநூலோடு ஒத்துப்போகாது. காட்டும் முன் நம் சொல்லைப் பலகையில் எழுதிவிடுங்கள், பரீட்சையில் அதைத்தான் எழுத வேண்டும். 'இலவசம்' என்று சொல்லிவிட்டுக் கடனட்டை இலக்கம் கேட்கும் தளத்தை உடனே மூடிவிடுங்கள். பிள்ளைகளின் முழுப் பெயர், பிறந்த திகதி, படம் எதையும் எந்தத் தளத்திலும் ஏற்றாதீர்கள். பெயர் கேட்டால் இடாப்பு இலக்கத்தைப் போட்டால் போதும். படங்களுக்கு விக்கிமீடியா பொதுவகம் நல்லது, எடுத்தவரின் பெயரைப் படத்துக்குக் கீழே குறிப்பிடுங்கள்.

சேகரித்ததைத் தரம், அலகு என்று கோப்புறை பிரித்து ஒரு பென்டிரைவில் வையுங்கள். குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் படிப்பிக்கப் போகிறவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்களுக்கும் ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள்.