வேலைக்குப் போகும் ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித்தர ஆசை, எங்கே ஆரம்பிப்பது?

நோட்டு, பென்சில், பை வாங்கிக் கொடுப்பதில் ஆரம்பிக்காதீர்கள். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன், அதனால் சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துவிட்டுப் போன அடுத்த வருஷம், மாரியம்மன் கோயில் கொட்டகையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு வகுப்பு வைத்தோம். முதல் வாரம் இருபது பிள்ளைகள். நடவு ஆரம்பித்ததும் ஆறு. "இதுகளுக்கு அக்கறையே இல்லை" என்றுகூடப் பேசிக்கொண்டோம், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு அக்காதான் நேராகக் கேட்டார்: "வெளியூர் நடவுக்கு வேன்ல போயிட்டு நாங்க வர ஏழு மணியாவுது, கைப்புள்ளைய யாரு தம்பி வச்சிக்கிறது?" வைத்துக்கொண்டிருந்தது அந்த வீட்டுப் பத்து வயசுப் பெண். சரி, வகுப்பை ஏழரைக்கு மாற்றினோம், தம்பி தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டே வரலாம் என்றோம். ஒரே கூச்சல்தான், ஆனால் பெண் பிள்ளைகள் வந்தார்கள்.

பிள்ளையை வேலைக்கு விடுவதாகச் சொல்லி வீட்டில் முன்பணம் வாங்கிவிடும் அட்வான்ஸ் விஷயம் இதைவிடக் கஷ்டம். 2022 தை அறுவடை முடிந்ததும் ஒரு பையனைக் காணோம். வீட்டில் கேட்டால் "மாமா ஊருக்குப் போயிருக்கான்". அந்த மாமா வாத்து மேய்க்கிறவர், உறவே கிடையாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளைகள் உதவலாம் என்று 2016 சட்டத் திருத்தம் விட்டுவைத்ததால், கேட்கிறவர்களிடம் எல்லோரும் மாமா ஆகிவிடுகிறார்கள்! கஜாவில் போன கூரைக்கு வாங்கிய கடன், அதன் வட்டி, அதற்குப் பையன். முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளையை வேலைக்கு விடுவது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம், மீட்கப்பட்டால் அந்த முன்பணக் கடனையும் கட்ட வேண்டியதில்லை. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டோம். பையன் வந்தான், அவன் அப்பா ஒரு மாசம் எங்களோடு பேசவில்லை.

நூற்றுக்கணக்கான வாத்தில் ஒன்று குறைந்தாலும் சொல்லிவிடுவான், ஆனால் முப்பத்தேழு எழுதச் சொன்னால் 73 என்று எழுதுவான். அவனுக்குக் கணக்கை வாத்திலிருந்துதான் சொல்லிக்கொடுத்தோம்.

அவனைச் சேர்க்கப் போனால், பள்ளியில் முதலில் டி.சி. கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். டி.சி. தாமதமானாலும் சேர்க்க வேண்டும் என்றுதான் 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போனோம். வயசுக்கேற்ற வகுப்பு என்று ஆறாவதில் உட்காரவைத்தார்கள். எழுத்துக்கூட்டவே தெரியாதவன் அங்கே என்ன செய்வான்? சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வகுப்பு அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான், பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக அல்ல.

இப்போதும் தை, மாசி வந்தால் அவன் வீட்டு வாசலில் ஒரு எட்டு பார்த்துவிட்டுத்தான் கொட்டகைக்குப் போகிறோம்.